இரண்டும் ஒன்றுபோல வேண்டாம்

இன்று காலை வண்டிச்சாமான் கடையைத் திறந்து நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, ஒருவர் பழைய ஸ்கூட்டரின் ரப்பர் புஷ் ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதுபோல ஒண்ணு வேணும். சத்தம் போட்டுச்சுன்னு எண்ணெய் விட்டேன், பின்ன இப்பிடி ஆயிட்டு" என்றார். பிரித்துப் பார்த்தேன். ரப்பர் ஊறி, உப்பி, ஓரமெல்லாம் பிதுங்கி நின்றது. தேங்காய் எண்ணெயில் ஊறிய ரப்பரின் அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மனிதர் பாவம், முகம் சுண்டிப்போனார். "உங்களப் பாத்துச் சிரிக்கல்ல அண்ணே. எனக்கு ஒரு கூட்டுக்காரி உண்டு, அவளை நெனச்சேன்" என்று சொல்லிப் புதுப் புஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன். உண்டு என்றுதான் வாயில் வந்தது. நீ போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது.

அதனால்தான் இந்த மடல். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தபோதே நான் எழுதியதை நீ ஒழுங்காகப் படித்ததில்லை. வாட்ஸ்அப்பில் நான் கொஞ்சம் நீட்டி எழுதிவிட்டால், "சுருக்கமா சொல்லு, எனக்கு வேற சோலி கெடக்கு" என்று பதில் போடுவாய். இன்றைக்கு நான் நீட்டித்தான் எழுதப்போகிறேன். உன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அருமனையில் உன்னைத் தெரியாதவர்கள் குறைவு. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள் ஆயிற்றே. ஊரில் பாதிப்பேர் ஒருமுறையாவது உன்னிடம் கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டவர்கள்தான். "மீசை இம்புட்டு பெருசா வச்சுக்கிட்டு ஊசிக்குப் பயப்படுதியளே" என்று நீ ஒரு போலீஸ்காரரிடம் சொன்னதை அவரே வெளியில் வந்து எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். குழந்தையாக இருந்தபோதே போலியோ உன் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. வெளியே கிளம்பினால் இரும்புப்பட்டையும் தோல்வாருமாக முழங்காலை மடங்காமல் பிடித்துவைக்கும் காலிப்பர், அடி உயர்த்திய பூட்ஸ். வீட்டுக்குள் அது ஒன்றும் இல்லாமல் இடது தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடப்பாய். வேலைக்குப் போகப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து உன்னோடு சேர்ந்து நடந்தவள் நான், உன் கால் என் கண்ணில் படுவதே நின்று பல வருஷம் ஆகியிருந்தது.

ஒருநாள் மத்தியானம் போன் பண்ணி, "இஞ்ச வா, ஒண்ணு காட்டணும்" என்றாய். ஏதோ ரிப்போர்ட் கோளாறு என்று பயந்துபோய்க் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். நீ சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெண் நீளமான பலகைமேல் நின்றுகொண்டு இடுப்பை ஆட்டி ஆட்டிப் போய்க்கொண்டிருந்தாள். நீ அதை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி நிறுத்தினாய்.

"கால் தரையில படல்ல, பாத்தியா?"

"நல்லா இருக்கு" என்றேன், நாய்க்குட்டி வீடியோவுக்குச் சொல்வதுபோல.

"நல்லா பாருட்டி. ஸ்கேட்போர்டுன்னா ஒத்தக்கால்ல நின்னு மத்த காலால தரையை உதைக்கணும். அது எனக்கு ஆகாது. இவ உதைக்கவே இல்லியே. ரெண்டு காலும் மேலதான இருக்கு? நிக்கதுக்கு எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன வயசுன்னு ஓர்மை உண்டா?"

"பிரஷர் சரியா இருக்கு, சர்க்கரை இல்ல. நானே எடுத்து நானே பாத்தது."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னாய்: "ஸ்கூட்டர்ல எஞ்சின் கொண்டுபோகுது. பஸ்ஸுல டிரைவர் கொண்டுபோறாரு. சின்னதுல அம்மை ஒக்கல்ல வச்சுக் கொண்டுபோனா. நானா, என் உடம்பு வச்சு, நடக்கதைவிட வேகமா ஒரு தடவை போகணும். ஒரே ஒரு தடவை போதும்." நடப்பதைவிட வேகமாக நீ உன் உடம்பால் எங்குமே போனதில்லை என்பது, கூடவே இருந்த எனக்கு அதுவரை உறைக்கவேயில்லை.

கத்தாரில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உன் தம்பி லீவுக்கு வந்தபோது பெட்டிக்குள் கம்பளி, பிஸ்தா, சோப்புக் கட்டிகளோடு அந்தப் பலகையும் வந்தது. நாட்டைவிட்டுப் போன யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனதாம். மூங்கிலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த பலகை. நடுவில் ஏறி நின்றால் தொட்டில்போலத் தாழ்ந்து மறுபடி எழும்பியது. உன் அம்மை அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறி மத்த காலையும் ஒடிச்சுக்கிட்டு வா, நான் ரெண்டையும் தடவிக்கிட்டு இருக்கேன்" என்றாள். ஆனால் நீ அதன்மேல் முதல்முறை நின்றபோது சுவர் ஓரமாக வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றதும் அவள்தான்.

எங்கே ஓட்டுவது என்று நான் கேட்டேன். நம்முடைய ஊரில் ஏற்றமும் இறக்கமும் அல்லாமல் சமநிலம் எங்கே இருக்கிறது? நீ யோசிக்கவே இல்லை. "சானல்கரை இருக்கே. பேச்சிப்பாறை அணைத் தண்ணி கால்வாயா நடந்துபோற வழியாக்கும் அது. தண்ணி ஏத்தத்துல ஏறுமா? இறக்கத்துலதான் சாடுமா? அதுக்கு எது வழியோ அதுதான் எனக்கும் வழி." கரையில் அப்போதுதான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவில் மரச்சீனிக் கிழங்குச் செடிகளும் ரப்பர் மரங்களும். ஏற்ற இறக்கம் இல்லாததால், ஆட்டுவதை நிறுத்தினால் பலகையும் தானே நின்றுவிடும். காலால் பிரேக் போட முடியாத உனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் பலகை போகவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாய், நல்ல வலதுகாலை முன்னால் வைத்தாய், காலிப்பர் போட்ட இடதுகாலைப் பின்னால் ஊன்றினாய், வீடியோவில் பார்த்ததுபோலவே இடுப்பை ஆட்டினாய். பலகை மேலும் கீழும் துள்ளியதே தவிர ஓரடி முன்னால் நகரவில்லை. நான் குனிந்து அடியில் பார்த்தேன். சக்கரங்களைப் பலகையோடு பிடித்துவைத்திருக்கும் இரும்புக் கட்டுக்கு ட்ரக் என்று பெயர் என்பதை நீதான் எனக்குச் சொன்னாய். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் ஒரு போல்ட், அதைச் சுற்றி இரண்டு புஷ். பலகையை ஒருபக்கம் சாய்த்தால் புஷ் நசுங்கி, சக்கரங்கள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்த்தால், மீன் வாலை ஆட்டிக்கொண்டு போவதுபோலப் பலகை போகும். இந்தப் புஷ் கத்தார் வெயிலில் கிடந்து கருங்கல்லாகியிருந்தது. நசுங்கினால்தானே திரும்பும்?

"இன்னைக்கு நான் தள்ளுதேன், நீ நில்லு" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

"நீ தள்ளினா அது வீல்சேர்" என்றாய்.

வெடுக்கென்று வந்துவிட்டது உனக்கு. எனக்கும் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அன்று சாயங்காலமே நான் அந்தக் கல்லுப் புஷ்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டிச்சாமான் விற்கிறவளுக்குப் புஷ் தெரியாதா என்ன? ஊர் முழுக்க ரப்பர் மரம். காலையில் எழுந்தால் பால்வாடை, மத்தியானம் ஷீட் புகைபோடும் வாடை. இதற்கு வெளிநாட்டிலிருந்து புஷ் வரவழைப்பதா என்று எனக்கு ஒரே வீம்பு. கடைக்கு வழக்கமாக ரப்பர்ச் சாமான் வார்த்துக் கொடுக்கிறவரிடம் போய், அதே அளவில், கொஞ்சம் மிருதுவாக வார்த்துத் தரச்சொன்னேன். "நம்ம மரத்துப் பாலு தோத்துப்போகாது, கேட்டியா" என்று உன்னிடம் பெருமையடித்துக்கொண்டு மாட்டியும் கொடுத்தேன்.

பலகை அப்போதும் முன்னால் நகரவில்லை. அது போதாதென்று புஷ் கீச்சிட்டது. முன்னால் இருந்தது மட்டும், நீ சாயும்போதெல்லாம் கீ, கீ என்று கத்தும். சானல்கரை நாய்கள் எல்லாம் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தன. உனக்கு மானம் போயிற்று. அதற்கு நீ என்ன செய்தாய் என்பதை என்னிடம் சொல்லவில்லை. நம்முடைய ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தானே. கதவு கீச்சிட்டால் தேங்காய் எண்ணெய், பூட்டு திறக்காவிட்டால் தேங்காய் எண்ணெய், குழந்தைக்கு உடம்பு காய்ந்தால் தேங்காய் எண்ணெய். தலைக்குத் தேய்க்கிற குப்பியை எடுத்து, ஒரு வாரமாக முன் புஷ்ஷுக்கும் ஊற்றியிருக்கிறாய். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் 'ரப்பர்ல எண்ணெய் படக்கூடாது' என்று தொண்டை வறளச் சொல்லுகிறவளின் கூட்டுக்காரி செய்கிற வேலையா இது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நான் மறக்கமாட்டேன். சானலில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாய். ஏறியதுமே முன்பக்கம் வாத்து நடப்பதுபோல இப்படியும் அப்படியும் ஆடியது. "ஏட்டி, வேண்டாம், இறங்கு, நட்டு கழந்துட்டு போல" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே என் தோளிலிருந்து உன் கை நழுவிவிட்டது. நீ போனாய். கொஞ்ச தூரம்தான், ஆனால் போனாய்.

பலகை தானே நின்றதும் நீ திரும்பிப் பார்த்தாய். "தள்ளினியா?"

"தொடக்கூட இல்ல."

நீ நம்பவில்லை. என்னைத் தூரமாகப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி, கையை விட்டு, இடுப்பை ஆட்டினாய். பலகையின் நடு தாழ்ந்து எழும்பியது, முன் சக்கரம் வளைந்தது, பின் சக்கரம் அதற்குப் பின்னாலேயே வந்தது. யாரும் தள்ளாமல், ஒரு காலும் தரையில் படாமல் அடுத்த கம்பத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டாய். நீ கத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இஞ்ச பாரு" என்றாய். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "இஞ்ச பாருட்டி" என்றாய்.

மூன்றாவது தடவை புஷ் பிளந்துவிட்டது. பலகை ஒரு பக்கமாகத் திரும்பி உன்னை மரச்சீனிக் காட்டுக்குள் உருட்டிவிட்டது. சரிவில் இறங்கி ஓடினேன். நீ இலைகளுக்குள் மல்லாந்து கிடந்தாய், காலிப்பர் போட்ட கால் வானத்தைப் பார்த்து நின்றது.

"எனக்கு ஒண்ணுமில்ல. புஷ்ஷுக்கு என்னாச்சுன்னு பாரு."

எடுத்துப் பார்த்தேன். உப்பி, பிளந்து, களிமண்போல இருந்தது. மோந்து பார்த்தேன். "எண்ணெய் விட்டியா?"

"கொஞ்சம்."

"எளவெடுத்தவளே, ரப்பர்ல எவளாவது எண்ணெய் விடுவாளா? அதுவும் நான் கடை வச்சிருக்கும்போ? பின்னாலதுக்கும் விட்டியா?"

"பின்னாலது சத்தம் போடல்லியே. அதுக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டு நீ என் கையிலிருந்த புஷ்ஷைப் பார்த்தாய். நானும் அதையே பார்த்தேன். முன்பக்கம் மட்டும் ஊறிக் குழைந்ததால்தான் பலகை ஓடியது என்பது அந்த மரச்சீனிக்குள் வைத்துத்தான் நம் இரண்டுபேருக்கும் புரிந்தது. உன் தலைமுடியில் ஒட்டியிருந்த இலையை எடுத்துவிட்டு, உன்னைத் தூக்கி நிறுத்தினேன்.

அதற்குப் பிறகுதான் புது ட்ரக் வாங்குவது பற்றிய சண்டை வந்தது. பழைய முன் ட்ரக் எந்தப் புஷ் போட்டாலும் அதிகம் திரும்பாத சாதி, வேறு வாங்கத்தான் வேண்டும் என்பதில் இரண்டுபேருக்கும் ஒரே கருத்து. பெங்களூரில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் மரியாதையானவன். வளைகிற பலகைக்கு, ஆட்டி ஓட்டுவதற்கு, போல்ட் வெளிப்பக்கம் பார்த்து நிற்கிற சாதி ட்ரக் நல்லது, நன்றாகச் சாயும், சாய்ந்த வேகத்தில் நிமிரும் என்றான். பலகை ரொம்பத் தாழ்கிறதா, சக்கரம் பலகையில் இடிக்குமா என்றெல்லாம் விசாரித்தான். "ஜோடியாத்தான் வரும் மேடம், முன்னாலயும் பின்னாலயும் சேம் போடுங்க, அதுதான் பேலன்ஸ்" என்றான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. வண்டியில் ஒருபக்கம் ஷாக் அப்சர்பர் மாற்றினால் மறுபக்கமும் சேர்த்து மாற்று என்றுதானே நானும் எல்லாரிடமும் சொல்லுகிறேன்?

நீ கேட்கவில்லை. கடையில் என் மேசைமேல் பலகையைக் கவிழ்த்துப்போட்டுக்கொண்டு, சாமான் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, என்னோடு மல்லுக்கு நின்றாய்.

"முன்னால மட்டும் புதுசு. பின்னால பழசே கெடக்கட்டும், இன்னும் விறைப்பா வை."

"விழுவ."

"விழாம நடந்த நாள் எனக்கு உண்டா? நான் சாய்க்கது முன்கால் வச்சு. பின்னால உள்ளது இரும்புப்பட்டை நிறுத்தி வச்சிருக்கிற காலு. அதை ஆடச் சொன்னா ஆடுமா? அது சும்மா கூட வந்தாப் போதும்."

"ரெண்டும் ஒண்ணுபோல இருந்தாத்தான் சரியா வரும்னு அந்தப் பையனே சொல்லுதான்."

நீ பலகையைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "ரெண்டு காலும் ஒண்ணுபோல உள்ளவளுக்கு ரெண்டு ட்ரக்கும் ஒண்ணுபோல இருக்கட்டும். எனக்கு எதுக்குட்டி?"

அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். உன்னை எல்லாரும் எல்லாக் காலத்திலும் மற்றவர்களைப்போல ஆக்கத்தானே பார்த்தோம். எண்ணெய் போட்டு உருவியவர்களும், நேர்ச்சை வைத்தவர்களும், முகாமுக்குக் கூட்டிப்போனவர்களும், நடையில் சாய்வு தெரியாமலிருக்க இந்தப் பக்கமாக நட என்று சொன்ன நானும். நீ அந்தக் காலோடு இருக்கிறபடியே போகப் பார்த்தாய். நான் பெங்களூருக்குப் போன் போட்டு, ஒன்று மட்டும் கிடைக்காது என்பதால் ஜோடியையே அனுப்பச் சொன்னேன், மாட்டப்போவது முன்னால் ஒன்றைத்தான். மனதுக்குள் பயம் போகவில்லை, ஆனாலும் சொன்னேன்.

ஒன்றை முன்னால் மாட்டினோம். பின்னால் பழைய ட்ரக்கே கிடந்தது. அது இன்னும் குறைவாகத் திரும்புவதற்காகப் பலகைக்கும் அதற்கும் நடுவில் சரிவாக ஓர் ஆப்பு வேண்டியிருந்தது. உன் பூட்ஸுக்கு அடி உயர்த்திக் கொடுக்கிறவரிடமே மார்த்தாண்டத்துக்குப் போனோம். உன் இடது பூட்ஸுக்கு வைக்கிற அதே தடித்த ஷீட்டில் சரிவாக வெட்டித் தந்தார். "இது எந்தக் காலுக்கு மோளே?" என்று கேட்டார். "பின்னங்காலுக்கு" என்றாய். அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு நட்டு. நான் ஒரு சுற்று முறுக்கினால் நீ அரைச்சுற்றுத் தளர்த்துவாய். ரொம்ப இறுகினால் ஓடாது, ரொம்பத் தளர்ந்தால் நடுங்கும். நீ ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், போதும், கொள்ளாம்" என்பாய். நான் தரையில் குத்தவைத்துக்கொண்டு ஸ்பானரைத் திருப்புவேன். ஊரில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் நம் இரண்டுபேருக்கும் கிறுக்கு பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எண்ணெய்க் குப்பியை மட்டும் நான் உன் அம்மையிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்லியிருந்தேன்.

நீ சானல்கரையில் நெடுகப் போன அந்த நாள் வெயில் தாழ்ந்திருந்தது. பாலத்துப் பக்கத்திலிருந்து ஏறினாய். நான் கையை நீட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் நான் எட்டி நடக்கவேண்டி வந்தது. பிறகு ஓட்டமும் நடையுமாக. உன் தோள் ஒருபக்கம் போனால் இடுப்பு மறுபக்கம் போயிற்று, அதற்குத் தகுந்தாற்போலப் பலகை தாழ்ந்து தாழ்ந்து எழும்பியது. பின்னால் நின்ற கால் அசையாமல் சும்மா கூடப் போய்க்கொண்டிருந்தது. என் செருப்பு ஒன்று கழன்றுபோயிற்று. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் நீ எங்கேயோ போய்விட்டாய். தண்ணீரில் நின்று துணி அலசிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, முறுக்கிய துணியைக் கையில் வைத்துக்கொண்டே உன்னைப் பார்த்தபடி நின்றாள்.

"நில்லுட்டி! நான் வரண்டாமா?" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. இது உன்னுடைய கத்தல். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும், மழையிலும் வெயிலிலும், பின்னாலிருந்து நீ கத்துவது இதைத்தான். நான் நிற்பேன், திரும்பிப் பார்ப்பேன், காலிப்பர் இல்லாத அந்த நாளில் நீ தொடையில் கையை ஊன்றிக்கொண்டு வந்துசேர்வாய். நீ என்னை முந்திக்கொண்டு போவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். நீ நிற்கவில்லை. ரப்பர் மரங்களுக்குப் பின்னால், வளைவில் திரும்பி, கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டாய்.

மூச்சு வாங்க வளைவுக்கு வந்துசேர்ந்தபோது நீ மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தாய். முகமெல்லாம் வேர்வை. பலகை பக்கத்தில் கிடந்தது.

"வந்தியா? எவ்வளவு நேரம் உனக்காக நிக்கது?" என்றாய். அது என்னுடைய வசனம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச மூச்சில்லை. நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஏட்டி, இத்தன வருஷம் நீ எனக்காக நின்னப்ப எல்லாம், பாவம்னு நெனச்சு நிக்கியோன்னு எனக்கு உள்ள ஒரு இது உண்டு. இன்னைக்கு நான் நின்னு பாத்தேன். பாவம்னு ஒண்ணும் தோணல்ல. நீ இப்ப வந்திருவேன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எதுக்கு அழுத?"

"தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

அதற்குப் பிறகு ஒரே தடவை போதும் என்று சொன்னவள் நிறுத்தவில்லை. வேலை முடிந்து வந்தால் சானல்கரைதான். முதலில் சிரித்தவர்கள் பிறகு வழிவிட்டார்கள், பிறகு கவனிப்பதையே விட்டுவிட்டார்கள். நாய்கள்கூட எழுந்துவரவில்லை. உனக்கு அதுதான் பிடித்திருந்தது.

காய்ச்சல் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நீயும்தான். நெஞ்சில் சளி இறங்கி, நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய், அங்கே மூச்சுக்கு மெஷின் வைத்தும் உடம்பு கேட்கவில்லை. மெஷின் வைக்கிறதுக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கையில நரம்பு எடுக்கத் தெரியாத பிள்ளைகளாக்கும் இஞ்ச, எத்தன குத்து குத்துது பாரு" என்றாய். அதுதான் கடைசியாக நீ என்னிடம் சொன்னது. இதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

உன்னை எடுத்த அன்று உறவுக்காரி ஒருத்தி, "பாவம், காலோட கஷ்டப்பட்டா, இனி நிம்மதி" என்றாள். துஷ்டி வீட்டில் சண்டை போடக்கூடாது என்று தெரியும், ஆனாலும் எனக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. "அவ கஷ்டப்படல்ல. அவ சானல்கரையில போனதை நீங்க பாத்தியளா? பாக்காம பேசாதிங்க" என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டேன். உன் அம்மை அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பலகை அம்மையிடம்தான் இருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது அவளே எடுத்துத் தந்து, "ஏறிப் பாரு" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முன்பக்கம் ஒருபக்கமாகச் சாய, பின்பக்கம் கேட்காமல் நிற்க, அது என்னைக் கீழே தள்ளிவிட்டது. மறுபடி ஏறினேன், மறுபடி தள்ளியது. அம்மை வாய்விட்டுச் சிரித்தாள், உன்னை எடுத்தபிறகு அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "நட்டை முறுக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வளைகுடாவிலிருந்து என் வீட்டுக்காரர் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸுக்குச் சேர்ந்து போனால் அவர் முன்னால் போய் நின்றுகொண்டு, "என்ன நடை இது, கால்ல ஏதாவது வலியா?" என்று கேட்கிறார். வலி ஒன்றும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் நடந்து பழகிய கால், நான்தான் இதுவரை கவனிக்கவில்லை. நேற்று ஒரு வீம்பில் கடையிலிருந்து வீடுவரை வேகமாக நடந்து பார்த்தேன். நன்றாகத்தான் நடக்கிறேன், மூச்சுக்கூட வாங்கவில்லை. ஆனால் அப்படி நடந்தால் தனியாக நடப்பதுபோல இருக்கிறது. பாதி வழியில் பழைய நடைக்கே வந்துவிட்டேன்.